சிற்றிடத்திற் பெருங்கருவி: புல்வெட்டும் டிராக்டரின் கூட்டைக் காத்து வைக்கும் முறை

கருவியொன்றை விலை கொடுத்து வாங்குதல் எளிது. அது வேலை செய்யாத காலத்தில் அதனைக் கேடின்றி வைத்துக் காத்தலே அரிது. கருவி இயங்கும்போது நம் கண்ணும் கருத்தும் அதன்மேல் இருக்கின்றன. எண்ணெயிடுகிறோம், ஆணி தளர்ந்தால் முடுக்குகிறோம், ஓசை மாறினால் நிறுத்திப் பார்க்கிறோம். அது ஓய்ந்த பின்னரோ, ஒரு மூலையில் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறோம். துருவும் ஈரமும் எலியும் தத்தம் வேலையைத் தொடங்குவது அப்போதுதான். ஆதலின், கருவியை ஒழுங்காக எடுத்து வைத்தல் வேலை முடிந்தபின் செய்யும் சில்லறைக் காரியமன்று. வேலையின் ஒரு பகுதியே ஆகும். அமெரிக்க நாட்டு இல்லங்களில் வழங்கும் ஒரு கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புல்வெளியும் யந்திரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நகரங்களை அடுத்துள்ள குடியிருப்புகளில், வீட்டின் முன்னும் பின்னும் புல்தரை அமைத்தல் பெருவழக்கு. அப்புல் மழித்தாற்போற் குட்டையாக இருத்தல் வேண்டும் என்பது அங்குள்ளாரின் கொள்கை. 1947-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாகாணத்தில் எழத் தொடங்கிய லெவிட்டவுன் என்னும் குடியிருப்பில் வீடு ஒவ்வொன்றுக்கும் 60 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள மனை அளிக்கப்பட்டது. பருவகாலத்தில் வாரம் ஒருமுறை புல்லை வெட்டவேண்டும் என்னும் நிபந்தனையும் அங்கு இருந்தது.

முற்காலத்தில் புல்தரைகளை அரிவாளாலும் ஆட்டு மந்தைகளாலுமே சீர் செய்து வந்தனர். இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், ஆலைகளில் கம்பளித் துணியின் மேலெழும் பிசிர்களைச் சமமாகக் கத்தரிக்கும் சுழல் உருளையைக் கண்டு, அதே முறையாற் புல்லையும் வெட்டலாம் எனக் கருதி, 1830-ஆம் ஆண்டில் முதற் புல்வெட்டு யந்திரத்துக்கு உரிமை பெற்றார். அது கையாற் றள்ளும் யந்திரம். பிறகு குதிரையும் நீராவியும் பெட்ரோலும் முறையே அதனை இயக்க வந்தன.

அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என விரிந்த மனையுடையார் யந்திரத்தின் பின் நடந்து வெட்டுவது பெருஞ்சிரமம். அவர்கட்கென அமைந்ததே ஏறி அமர்ந்து செலுத்தும் சிறு டிராக்டர். இந்தியானா மாகாணத்துச் சௌத் பெண்டு நகரில் 1946-ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர் ‘வீல் ஹார்ஸ்’ எனப் பெயர் பெற்ற தொழிற்சாலை இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. உழவர்க்குரிய பெரிய டிராக்டர்களைச் செய்துவந்த ஜான் டியர் கம்பெனியார் 1963-ஆம் ஆண்டில் ‘110’ என்னும் தோட்ட டிராக்டரை வெளியிட்டனர். இத்தகைய வண்டிகளின் சிறப்பு யாதெனில், ஒரே வண்டியிற் பல கருவிகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம் என்பதே. கோடையிற் புல் வெட்டும், மண்ணைக் கிளறும், குளிர்காலத்தில் வெண்பனியை வாரி அப்பால் வீசும்.

கூடு என்பது யாது?

டிராக்டரின் வயிற்றுக்கு அடியில், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே, கவிழ்த்த பெருந்தட்டுப் போன்ற ஓர் எஃகுப் பகுதி தொங்கும். அமெரிக்கர் அதனை ‘டெக்’ என்பர். நாம் வெட்டுக்கூடு என்றே வழங்குவோம். அதன் மேற்புறத்திற் கப்பிகளும் அவற்றைச் சுற்றியோடும் பெல்ட்டும் இருக்கும். கப்பிகளிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் சுழலச்சுகளின் நுனியில் இரண்டு அல்லது மூன்று அலகுகள் பொருத்தப்பட்டிருக்கும். பக்கத்தில், வெட்டிய புல்லை வெளியே தள்ளும் வாய் ஒன்று உண்டு.

அலகுகளின் வேகம் வியப்புக்குரியது. அலகின் நுனி நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேற் செல்லலாகாது என்பது அமெரிக்கத் தொழில் விதி. மணிக்கு ஏறக்குறைய 216 மைல் வேகம் அது. அவ்வேகத்தில் ஒரு சிறு கல் அடிபட்டாலும் அது குண்டுபோற் பாயும். அக்கல்லைத் தடுத்து நிறுத்துவது இந்தக் கூடேயாகும். எனவே, கூடு வெறும் மூடியன்று. செலுத்துவோனுக்கும் அயலே விளையாடும் குழந்தைக்கும் அது கேடயம். துருவேறி ஓட்டை விழுந்த கூடும், சாய்த்து வைத்த பிழையால் வளைந்த சுழலச்சும் பொருள் நஷ்டம் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. இதனை மனத்திற் கொண்டால், கூட்டைக் காத்து வைக்கும் முறையில் இத்துணைக் கவலை ஏன் என்பது விளங்கும்.

கழற்ற நேர்வது ஏன்?

பனி பெய்யாத இடங்களிற் கூட்டைக் கழற்றவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. சுத்தம் செய்து வண்டியிலேயே விட்டுவிடலாம். அமெரிக்காவின் வடபகுதியில், பேரேரிகளை அடுத்த நகரங்களில், நிலைமை வேறு. பஃபலோ நகரில் ஓராண்டிற் பெய்யும் வெண்பனி சராசரி 95 அங்குலத்தை ஒட்டியது. ஏறக்குறைய எட்டடி உயரம் எனலாம். பனி வீசும் கருவியை வண்டியின் முன்புறத்திற் பூட்டும்போது, அதற்குரிய பெல்ட்டும் சட்டங்களும் வயிற்றுப்புறத்து இடத்தை வேண்டுவதாலும், தாழத் தொங்கும் கூடு பனியிற் சிக்குமாதலாலும், கூட்டைக் கழற்றிவிடுகின்றனர். ஆக, நான்கைந்து மாத காலம் கூடு வண்டியின்றித் தனியே கிடக்கவேண்டும். எங்கே கிடப்பது என்பதே கேள்வி.

இடத்தின் கணக்கு

ஒரு மோட்டார் வண்டி நிறுத்துதற்குரிய கொட்டகை 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உடையது எனக் கொள்வோம். உள்ளே நிற்கும் மோட்டார் வண்டி 16 அடி நீளம். அதன் பக்கங்களிற் கதவு திறந்து இறங்குதற்கு இடம் விடவேண்டும். அங்கே எதனையும் வைத்தற்கில்லை. எஞ்சுவது பின்சுவரை ஒட்டிய 4 அடிக்கு 12 அடிப் பட்டை. பனிக்கருவி பூட்டிய டிராக்டர் ஏறக்குறைய 8 அடி நீளம் வரும். அதனை அப்பட்டையிற் குறுக்கே நிறுத்தினால் மிஞ்சுவது 4 அடிக்கு 4 அடிச் சதுரம். அதில் 48 அங்குல வெட்டுக்கூட்டைப் படுக்க வைத்தால் 4 அடிக்கு 3 அடி, அதாவது 12 சதுர அடி, போய்விடும். மண்வெட்டிக்கும் ஏணிக்கும் மனிதன் நிற்பதற்கும் எஞ்சுவது ஓரடி அகலமே.

இனி, அதே கூட்டை நிமிர்த்தி வைத்தால் என்ன ஆகும்? கப்பிகளும் சிறு சக்கரங்களும் சேர அதன் தடிப்பு 14 அங்குலம் எனக் கொண்டால், அது தரையில் அடைக்கும் இடம் 5 சதுர அடிக்கும் குறைவு. உயரே தூக்கிவிட்டாலோ, தரையிற் சற்றும் இடம் வேண்டுவதில்லை. இக்கணக்கிலிருந்து நாம் அறிவது யாது? இடமில்லை என்று வருந்துவோர் பெரும்பாலும் தரையை மட்டுமே அளக்கின்றனர். சுவரையும் கூரையையும் அளப்பதில்லை. நம் முன்னோர் பானையை உறியிலும் தட்டுமுட்டுச் சாமான்களைப் பரணிலும் வைத்தது இக்கணக்கை அறிந்தேயாகும். ஆனால் உறியிலிருந்து விழும் மோர்ப்பானையால் வரும் தீங்கு வேறு. எஃகுக் கூடு விழுவதால் வரும் தீங்கு வேறு. 42 அங்குலக் கூடு ஒன்று, பவுண்டு என வழங்கும் இராத்தலில், பெரும்பாலும் 100-ஐ ஒட்டிய எடை இருக்கும். கனத்த தகட்டாற் செய்த பெரிய கூடுகள் 200 இராத்தலையும் கடக்கும். எனவே, இடத்தின் கணக்கோடு எடையின் கணக்கையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

வைக்குமுன் செய்யவேண்டியவை

முதலாவது, கூட்டைத் தொடுமுன் டிராக்டரின் சாவியை எடுத்துவிட்டு, எஞ்சினின் பொறிமுளைக்குச் செல்லும் கம்பியையும் கழற்றிவிடவேண்டும். அலகைக் கையாற் றிருப்பும்போது எஞ்சின் தற்செயலாக உயிர் பெறுதல் கூடாது. கையுறை அணிவது அவசியம்.

இரண்டாவது, உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். பச்சைப் புல்லின் எடையிற் பெரும்பங்கு தண்ணீரே. வெட்டிய புல் கூட்டின் உட்புறத்தில் அப்பிப் பசைபோல் உறைகிறது. அப்பசை ஈரத்தை மாதக்கணக்காகத் தகட்டின்மேற் பிடித்து வைக்கிறது. அழுகும்போது புளிப்புப் பொருள்களையும் தோற்றுவிக்கிறது. மணலும் கல்லும் உராய்ந்து சாயம் பெயர்ந்த இடங்களில் எஃகுக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைத்தலால் துரு விரைந்து பிடிக்கிறது. மரத்தாலோ கடினமான பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியாற் பசையை எடுத்தால் சாயம் கெடாது. பின்னர் கழுவலாம், ஆனால் சுழலச்சுகளிலுள்ள பேரிங்குகளின்மேல் விசையுள்ள நீரைப் பாய்ச்சலாகாது. கழுவிய பின் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, சாயம் பெயர்ந்த இடங்களுக்குச் சாயமிட்டு, பேரிங்குகளுக்குக் கொழுப்பெண்ணெய் செலுத்தவேண்டும். ஈரக்கூட்டை மூடி வைப்பதினும் அழுக்குக் கூட்டைத் திறந்து வைப்பது குறைந்த கேடே.

மூன்றாவது, பெல்ட்டைக் கழற்றுமுன் அது எந்தக் கப்பியை எப்புறமாகச் சுற்றிச் செல்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து கொள்ளவேண்டும். கழற்றிய முளைகளையும் சுருள்வில்களையும் ஒரு பையிலிட்டு, அப்பையைக் கூட்டிலேயே கட்டிவிடுதல் நலம். இளவேனிலிற் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்க, ஒரு சிறு முளையைத் தேடி அலையும் துன்பம் இதனால் நீங்கும்.

நான்காவது, அலகுகளைக் கழற்றிவிடுதல் உத்தமம். இயலாதாயின், பழைய ரப்பர்க் குழாயை நீளவாட்டிற் பிளந்து கூர்முனைகளுக்கு உறையாக அணிவிக்கலாம்.

வைக்கும் முறைகள்

1. சக்கரப் பலகை. தடித்த பலகையின் நான்கு மூலைகளிலும் சுழலும் சிறு சக்கரங்களைப் பொருத்தி, அதன்மேற் கூட்டைப் படுக்க வைத்து, வேலை மேசையின் அடியில் தள்ளிவிடுதல் முதல் முறை. இதிற் கூடு எங்கும் தூக்கப்படாதாகையால் ஆபத்து மிகக் குறைவு. மேசைக்கடியில் இடமிருப்பின் இதனினும் சிறந்த வழி இல்லை.

2. சுவரிற் சாய்த்தல். கூட்டை நிமிர்த்தி, அலகுப்புறம் சுவரை நோக்கச் சுவரிற் சாய்த்தல் இரண்டாம் முறை. ஒரு சீரான பொருளின் ஒரு விளிம்பு தரையிலிருக்க மறுவிளிம்பை உயர்த்தத் தொடங்கும்போது, அதன் எடையிற் பாதியே நம் கைக்கு வருகிறது. 100 இராத்தற் கூட்டை நிமிர்த்த 50 இராத்தல் விசை போதும். புல் தள்ளும் வாய் மேற்புறம் வருமாறு நிறுத்தவேண்டும். அடியில் அகப்பட்டால் அது நசுங்கும். எக்காரணத்தாலும் எடை அலகின்மேலோ சுழலச்சின்மேலோ நிற்றலாகாது. குறுகிய அடியில் நிற்கும் உயர்ந்த பொருள் எளிதிற் கவிழும். அதன் பாரத்தின் நடுவிலிருந்து இறங்கும் செங்கோடு அடியின் எல்லைக்கு வெளியே சென்றவுடன் அது விழுந்தே தீரும். ஆதலின், சுவரில் திருகிய கொக்கிகளிலிருந்து ஒரு சங்கிலியைக் கூட்டின் குறுக்கே இழுத்து மாட்டுதல் இன்றியமையாதது. சுழலச்சில் எண்ணெய் நிறைந்த பற்சக்கரப் பெட்டி உடைய சில கூடுகள் உண்டு. அவற்றை நிமிர்த்தினால் எண்ணெய் ஒழுகக் கூடுமாதலின், அவற்றைப் படுக்க வைப்பதே தகும்.

3. நிமிர்ந்த வண்டி. முன்சொன்ன இரண்டையும் இணைத்தல் மூன்றாம் முறை. சக்கரப் பலகையின்மேற் சற்றே பின்சாய்ந்த மரச்சட்டம் ஒன்றை எழுப்பி, அதிற் கூட்டைச் சாய்த்துப் பட்டையாற் கட்டிவிட்டால், நிமிர்ந்த நிலையிலேயே வேண்டிய மூலைக்குத் தள்ளிச் செல்லலாம். பலகையின் அகலம் ஒன்றரை அடிக்குக் குறைதல் கூடாது. சக்கரங்களுள் இரண்டேனும் பூட்டத் தக்கனவாக இருத்தல் வேண்டும்.

4. சுவரிற் றொங்கவிடுதல். அமெரிக்க வீடுகளின் சுவர் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனது; ஒரு சட்டத்தின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் வழக்கமாக 16 அங்குலம். அவற்றின்மேல் மெல்லிய காரைப்பலகை வேயப்பட்டிருக்கும். அக்காரைப்பலகையில் அறைந்த ஆணி எந்தப் பாரத்தையும் தாங்காது. எனவே, மூன்று சட்டங்களையேனும் கடக்கும் நீண்ட பலகையைத் தடித்த திருகாணிகளாற் சட்டங்களோடு பிணித்து, அப்பலகையில் தாங்கிகளைப் பொருத்தவேண்டும்.

தாங்கியின் உயரமும் கவனிக்கத் தக்கது. 100 இராத்தற் கூட்டின் பாரநடு, சுவரிலிருந்து 8 அங்குலம் தள்ளி அமைகிறது எனக் கொள்வோம். தாங்கியின் உயரம் 4 அங்குலமாயின், நெம்புகோல் விதிப்படி மேற்றிருகாணியைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை 200 இராத்தல். உயரம் 16 அங்குலமாயின், அவ்விசை 50 இராத்தலே. எடை ஒன்றே, தாங்கியின் உயரம் மாறியதால் விசை நாலில் ஒன்றாயிற்று. பௌதிக வகுப்பிற் பயிலும் மாணாக்கர், தாம் கற்கும் விதி கொட்டகைச் சுவரிலும் ஆட்சி செய்வதை இங்கே காணலாம்.

5. கூரைக்கு உயர்த்துதல். கப்பியும் கயிறும் கொண்டு கூட்டைக் கூரையடிக்கு உயர்த்துதல் ஐந்தாம் முறை. அசையும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுக்கும் விசை ஏறக்குறையப் பாதியாகும். இழுக்கும் கயிற்றின் நீளமோ இரட்டிக்கும். தானே பூட்டிக்கொள்ளும் கைச்சுழற்பொறி இருப்பின், கை தவறினாலும் பாரம் கீழிறங்காது. எனினும், இம்முறையைத் தேர்ந்துகொள்வோர் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. ஒன்று, கூரையின் மெல்லிய மரச்சட்டக் கோவைகள் கூரையைத் தாங்கவே அமைந்தவை; அவற்றிற் பெரும்பாரம் தொங்கவிடலாமா என்பதைத் தச்சரிடமோ பொறியியலாரிடமோ கேட்டே துணிய வேண்டும். மற்றொன்று, உயர்த்திய பின் கயிற்றையே நம்பியிராமல், நான்கு மூலைகளையும் சங்கிலிகளாற் கூரைக்கொக்கிகளில் மாட்டிவிட வேண்டும். கயிறு தூக்குவதற்கு, சங்கிலி தாங்குவதற்கு. மனிதர் நடக்கும் வழிக்கு நேர்மேலே எதனையும் தொங்கவிடுதல் ஒருபோதும் ஆகாது.

வெளியில் வைக்க நேரின்

கொட்டகையில் ஓரிடமும் இல்லாதார் வெளியில் வைத்துத் தார்ப்பாயால் இறுக மூடிவிடுவர். இது காப்பாற்றுவதுபோல் தோன்றிக் கெடுப்பது. தரையிலிருந்து எழும் நீராவி பாயின் அடியில் அடைபட்டு, இரவிற் குளிர்ந்த எஃகின்மேல் நீர்த்துளியாகப் படிகிறது. எனவே, மரக்கட்டைகளின்மேல் தரைக்கு ஓரடி உயரத்திற் கூட்டை வைத்து, மேற்புறத்தை மட்டும் மறைத்து, பக்கங்களிற் காற்று உலாவ விடுதல் வேண்டும். கொட்டகையினுள்ளும் சிமெண்டுத் தரையின்மேல் நேரே வைக்காமல் மரத்துண்டுகளை அடியிலிடுதல் இதே காரணம் பற்றியே. கப்பிகளை மூடும் தகடுகளின் அடியில் எலி கூடு கட்டுவது வழக்கமாதலின், வண்டியில் மீண்டும் பூட்டுமுன் அத்தகடுகளைத் திறந்து பார்க்கவேண்டும்.

எதனைத் தேர்வது?

கூட்டின் எடை, துணைக்கு வரும் ஆட்கள், சுவரின் வலிமை, வீட்டிலுள்ள குழந்தைகள் ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்தே முறையைத் தேரவேண்டும். தனியே வேலை செய்வோர்க்கும் முதியோர்க்கும் சக்கரப் பலகையே ஏற்றது. தரையில் இடம் அறவே இல்லாதார் சுவரை நாடலாம். கூரையைக் கடைசியாகவே எண்ணவேண்டும். உயரே செல்லுந்தோறும் இடம் மிகுகிறது; அதனோடு அபாயமும் மிகுகிறது. இடம் மிச்சமாகும் முறையெல்லாம் நல்ல முறையன்று. இளவேனிலில் ஒருவர் தனியே நின்று, அவசரமின்றி, கை நசுங்காமல் கூட்டை மீண்டும் இறக்கக் கூடுமா என்று கேட்டுப் பார்த்து, கூடும் என்னும் விடை தரும் முறையே நல்ல முறை.

கருவி புல்வெட்டும் யந்திரமாயினும், சோதனைச்சாலைத் தராசாயினும், வயற்காட்டுக் கலப்பையாயினும் நீதி ஒன்றே. தூய்மை செய்து, உலர்த்தி, அதன் எடை நல்ல இடத்திற் றங்குமாறு வைத்து, மீண்டும் எடுக்கும் கையை நினைந்து வைத்தல் வேண்டும். அவ்வாறு வைக்கப்பட்ட கருவி பருவம் வந்தபோது பழுதின்றி எழுந்து தன் வேலையைச் செய்யும்.